கிரகணி நோயும் என் அக்காவின் குரலும்

1931ஆம் வருடம், சித்திரை மாதம். காலையில் தேத்தண்ணீரை வாயில் வைத்தேன். நெருப்பை வைத்தது போல எரிந்தது. கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன். தோலை உரித்த மாதிரி சிவந்து, ஓரமெல்லாம் பளபளத்தது. பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். எஸ்தர். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"சித்தி, உங்களுக்கும் வந்திருச்சா?" என்றாள்.

அவளைப் பெற்ற தாய்க்கும் முதலில் நாக்குத்தான் வெந்தது.

சபையாரே, நான் பிழைத்த விதத்தைச் சொல்லும்படி நீங்கள் கேட்டபோதெல்லாம் இந்த மூன்று வருடமாக ஒரு பாதியை மட்டுமே சொல்லி வந்தேன். நோய் வந்தது, ஜெபித்தேன், மருந்து கிடைத்தது என்று முடித்துவிடுவேன். மறுபாதியை மறைத்துக்கொண்டு சாட்சி சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஆகையால் இன்று முழுவதையும் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் என்னை வெறுத்தாலும் சரி.

நான் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார். நாங்கள் இரண்டே பெண்கள். அக்கா கிருபை, நான் பாக்கியம். கம்பளை ரயில் நிலையத்தில் சரக்குப் பகுதிக் கிளாக்கராக இருந்த தேவதாசனுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். எஸ்தர் அவர்களுடைய ஒரே பிள்ளை. எனக்கோ சிறு வயதிலிருந்தே இழுப்பு. பனி இறங்கினால் நெஞ்சு சீழ்க்கையடிக்கும். நோயாளிப் பெண் என்று யாரும் என்னைக் கேட்டு வரவில்லை.

1926இல் அக்காவுக்குக் கிரகணி கண்டது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. வெளுத்து, நுரைத்து அப்படியே போய்விடும். நாக்கு வேகும், வயிறு ஊதும், இரத்தம் வற்றும். பத்து நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். பதினோராம் நாள் மறுபடி கீழே தள்ளும். அக்காவைப் பார்த்துக்கொள்ள நான் கம்பளைக்குப் போனேன். எனக்கு வயது பத்தொன்பது.

ஒரு வருடத்துக்கு மேல் அவளுடைய துணிகளை அலசினேன். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அலுத்துவிட்டது. வைத்தியர் மோரையும் ஒரு பொடியையும் தவிர எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். ஒரு பருக்கை உள்ளே போனாலும் உயிர் போய்விடும் என்று எச்சரித்திருந்தார். அக்கா கஞ்சி கேட்பாள். முடியாது என்பேன். தண்ணீர் கேட்பாள். அளந்து கொடுப்பேன். கடைசி மாதத்தில் அவள் பின் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாக்கு புரளாததால் பெயர் முழுதாக வராது. "பாக்கிம்... பாக்கிம்..." என்று வரும். போனால் ஒன்றும் கேட்கமாட்டாள். சும்மா பார்ப்பாள். அடுப்படிக்குத் திரும்பி வந்தால் மறுபடி கூப்பிடுவாள்.

1927, ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியான ரயில் வண்டி போய்விட்டது. அத்தான் வேலையில். எஸ்தர் முன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து மூன்று தடவை விரிப்பு மாற்றியிருந்தேன். எனக்கே மூச்சு இழுத்தது. அக்கா கூப்பிட்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். குரல் அங்கேயும் கேட்டது. குழாயடியில் உட்கார்ந்து இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டேன்.

நாலைந்து தடவை கூப்பிட்டிருப்பாள். அடைத்த காதுக்குள்ளும் அது கேட்டது. பிறகு நின்றது. நின்றபோது எனக்கு வந்தது பயமல்ல. நிம்மதி. அந்த நிம்மதியை அனுபவித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போனபோது அவள் இறந்திருந்தாள். கண் மூடி, கை இரண்டும் நெஞ்சின் மேல் கிடந்தன. உதட்டோரம் ஈரமாக, வெள்ளையாக இருந்தது. நுரை என்று நினைத்துத் துடைத்தேன். எல்லோரிடமும், "தூக்கத்திலேயே போயிட்டா" என்று சொன்னேன். நல்ல சாவு என்றார்கள்.

மறு வருடம் பிள்ளையை முன்னிட்டு என்னையே அத்தானுக்குக் கட்டி வைத்தார்கள். நான் மறுக்கவில்லை. அக்காவின் வீடு, அக்காவின் அலுமாரி, அக்காவின் பிள்ளை. பின் அறையை மட்டும் அரிசியும் விறகும் போட்டு அடைத்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா, 1931இல் என் நாக்கு வெந்தபோது நான் ஏன் அழவில்லை என்று? எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆவணியில் முதல் தடவை குரல் கேட்டது. சமையலறையில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். மத்தியான வண்டி போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. "பாக்கிம்." சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடும் அளவுக்கு மட்டும். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி. பிறகு தினமும், அதே நேரத்தில். காதை அடைத்துப் பார்த்தேன். அடைத்தால் நன்றாகவே கேட்டது.

ஒருநாள் எஸ்தரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் நாக்கும் புரளவில்லை. என் வாயிலிருந்து அக்காவின் குரல் வந்தது. பிள்ளை கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

என் கணவர் நல்லவர். அவருடைய நன்மையே எனக்குப் பயமாக இருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. கால் வீங்குவதற்கு முன்பே தலையணை வாங்கி வந்தார். ஒரு மாலை என் கையைப் பிடித்து மோதிரத்தைக் கழற்றி, உள்பக்கம் நூல் சுற்றி மறுபடி மாட்டிவிட்டார். விரல் மெலிந்திருந்தது எனக்கே தெரியாது. அக்காவுக்கும் அப்படித்தான் சுற்றிக் கொடுத்தார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கண்டியில் இங்கிலீஷ் மருந்து, கம்பளையில் நாட்டு மருந்து, மாதக்கணக்கில் பால் மட்டும். குறையும், திரும்ப வரும். இழுப்புக்குக் கொடுத்த மருந்து வயிற்றைக் கெடுத்தது. வயிற்று நோய்க்காகப் படுத்தால் மூச்சு முட்டியது. ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்து கை வைத்து ஜெபித்தார்கள். அவர்களில் ஒருவர் போகும்போது மெதுவாக, "மறைச்சு வச்ச பாவம் ஏதாச்சும் இருந்தா ஆண்டவர்ட்ட சொல்லிரும்மா" என்றார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

நான்கு வருடம் ஒரே ஜெபம் செய்தேன். என்னைக் குணமாக்கும், குரலை நிறுத்தும். வேறு எதையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

1934 கடைசியில் ஊரெங்கும் குளிர்காய்ச்சல் பரவியது. எங்கள் வீட்டில் என்னைப் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எலும்பு நடுங்கும். வெந்த நாக்கில் கொயினா மருந்து பட்டால் உயிர் போய் வரும். நடக்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போக வசதியாக இருக்கும் என்று கணவர் அரிசி மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டுப் பின் அறையில் கட்டிலைப் போட்டார். அக்கா படுத்த அதே கட்டில், அதே மூலை. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

அங்கே படுத்த பிறகு குரல் பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. என் தலைமாட்டிலிருந்து வந்தது.

காய்ச்சலுக்காக அரசாங்க மருந்துச்சாலை அப்போதிக்கரி ஐயா வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தவர். நாக்கைப் பார்த்தார், கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார், என் கணவரை வெளியே அழைத்துப் பேசினார். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஓம், இது கிரகணிதான். ஆனா முந்தின மாதிரிக் கையை விடத் தேவையில்லை. இப்ப இதுக்கு ஈரல் குடுக்கினம். பச்சை ஈரலை இடிச்சு, சாறு பிழிஞ்சு, லேசாச் சூடாக்கி ரெண்டு நேரமும் குடுங்கோ. வாழைப்பழமும் பாலும் குடுக்கலாம். ஒரு மாசத்தால நான் திரும்ப வந்து பாக்கிறன்."

"பிழைப்பாங்களா ஐயா?"

"குடிச்சாப் பிழைக்கலாம்."

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். கணவருக்குச் சந்தையில் இறைச்சிக் கடை. மனைவி பெயர் ஸுலைஹா. அவர்கள் பேச்சில் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். தெரு வழியாக வரமாட்டார். வேலியில் ஒரு இடைவெளி உண்டு. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் வழியாக வருவார். விஷயம் கேள்விப்பட்ட அன்றே ஈரல் சாற்றை மூடிபோட்ட கோப்பையில் கொண்டுவந்தார். தினமும் கொண்டுவந்தார். ஆனால் பின் அறைக்குள் ஒருநாளும் கால் வைக்கவில்லை. வாசலில் எஸ்தரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நோய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

நான் அதைக் குடிக்கவில்லை.

எஸ்தர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனதும் ஜன்னல் வழியாக வாழைமரத்தடியில் ஊற்றிவிடுவேன். நாற்றம் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமல்ல. அக்காவுக்குக் கிடைக்காத மருந்து எனக்கு எதற்கு? ஒரு கரண்டி கஞ்சி கேட்டவளுக்கு இல்லையென்ற வாயில் இது எப்படி இறங்கும்? செத்துப் போனால் குரல் நின்றுவிடும் என்றும் நினைத்தேன்.

1935 மாசியில் ஒரு காலை. எஸ்தர் பள்ளிக்கூடம் புறப்பட்டுக் கொல்லைப் பக்கம் போனவள் திரும்பி வந்தாள். வாழைமரத்தடியில் ஈ மொய்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க குடிக்கல," என்றாள். "எங்கம்மா கேட்டாங்க, யாரும் குடுக்கல. எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்குக் குடுக்கிறாங்க, நீங்க கீழ ஊத்துறீங்க. நான் இன்னொரு தடவ பாக்க மாட்டேன் சித்தி. நான் பன்விலவுக்குத் தாத்தாகிட்ட போயிடுவேன்."

அழவில்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் நான் மட்டும்தான். வண்டி போனது. வழக்கம்போல "பாக்கிம்" என்று கேட்டது. காதை அடைக்கக் கையைத் தூக்கினேன். தூக்கப் பெலன் இல்லை. கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தேன். முழங்கால் போடவில்லை, விழுந்த வாக்கில் அப்படியே கிடந்து வாய்விட்டுப் பேசினேன்.

"ஆண்டவரே, சுகம் வேண்டாம். இதை மட்டும் கேளும். அவ கூப்பிட்டா. நான் போகல. குழாயடியில காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ சத்தம் நின்னப்ப நான் சந்தோஷப்பட்டேன். அவ தனியா செத்தா. உமக்கு இது தெரியும். உமக்கு மட்டும் தெரிஞ்சிருக்கிறத என்னால தாங்க முடியல. கேக்கிறதுக்கு ஒரு ஆளை அனுப்பும்."

சொல்லி முடித்துத் தலையைத் தூக்கினேன். வாசலில் ஸுலைஹா ராத்தா கோப்பையோடு நின்றார். எஸ்தர் இல்லாததால் தானே உள்ளே கொண்டுவந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

கோப்பையைத் தரையில் வைத்தார். எட்டு வருடமாகத் தாண்டாத வாசற்படியைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தனியா இல்ல புள்ள," என்றார். "உங்கட ராத்தா தனியா மவுத்தாகல்ல. நான் ஈந்தன்."

மவுத்து என்றால் மரணம், ஈந்தன் என்றால் இருந்தேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.

"அண்டைக்கி வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப் போட்டுட்டு ஈந்தன். கூப்புட்டுக்கிட்டே ஈந்தாங்க. யாரும் வாறதாக் காணல்ல. மனசு கேக்கல்ல, வந்தன். தண்ணி தண்ணின்னாங்க. எங்கட அடுப்புல கஞ்சி ஈந்திச்சி. ஓடிப்போய் எடுத்துட்டு வந்து மூணு கரண்டி குடுத்தன். குடிச்சாங்க."

"கஞ்சியா?"

"ஓ. அந்நேரம் அவங்களுக்குக் கண் தெரியல்ல. என்ட கையப் புடிச்சாங்க. 'வந்துட்டியா பாக்கிம்'னு கேட்டாங்க." ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் இல்லன்னு எப்பிடி புள்ள செல்லுற? 'வந்துட்டன்'னு சென்னன். கைய விடல்ல. கொஞ்ச நேரத்துல மூச்சு நிண்டிட்டு."

கண்ணை மூடியது அவர். கையை நெஞ்சின் மேல் வைத்தது அவர். உதட்டில் நான் துடைத்தது நுரையல்ல, கஞ்சி.

"ஏன் ராத்தா சொல்லல?"

"ஒரு பருக்க போனாலும் உசிரு போகும்னு வைத்தியர் சென்னது எனக்கும் தெரியும்தானே. நான்தான் கொண்டுட்டன்னு நெனச்சன். எட்டு வருசம். தொழுகையில அழுதிருக்கிறன், யாருக்கிட்டயும் செல்லல்ல. நீங்க படுத்தப்போ, இந்தப் புள்ளயாச்சும் பொழைக்கட்டும் அல்லாஹ்ன்னு துஆக் கேட்டுக்கிட்டுத்தான் ஈரல் இடிச்சன்."

சபையாரே, ஒரு ஆளை அனுப்பும் என்று நான் கேட்டு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் கேட்பதற்கு முன்பே அந்த ஆள் வாசலில் நின்றார். அதைவிடப் பெரிது வேறொன்று. என் அக்கா கூப்பிட்ட அன்றே கர்த்தர் அவளுக்குப் பதில் கொடுத்திருந்தார். நான் போகாத இடத்துக்கு, வேலி வழியாக, வேறொருத்தியை அனுப்பியிருந்தார். என் பேரில் ராத்தா வந்து நின்று, என் பேரில் பதில் சொல்லியிருந்தார்.

இதனால் என் குற்றம் இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். 'வந்துட்டியா' என்று கேட்டபோது அங்கே நான் இல்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

ராத்தா கோப்பையை என் வாயருகே கொண்டுவந்தார். குடித்தேன். எரிந்தது. குடித்தேன்.

அன்று மாலை கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றவே இல்லை. பிறகு, "அன்னைக்கு வெள்ளனத்தோட வந்துர்றேன்னு கிருபைக்கிட்ட சொல்லிட்டுப் போனேன்," என்றார். "வேலை முடிஞ்சும் வரல. வர மனசில்லாம ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன் பாக்கியம்." திருமணமாகி ஏழு வருடத்தில் அன்றுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெபித்தோம்.

மாதம் முடிந்து அப்போதிக்கரி ஐயா வந்தபோது நான் என் நோயைப் பற்றி விசாரிக்கவில்லை. கிரகணிக்காரிக்கு மூன்று கரண்டி கஞ்சி கொடுத்தால் உயிர் போகுமா என்று கேட்டேன்.

"கஞ்சி குடிச்சு ஆரும் செத்ததை நான் காணேல்லைப் பிள்ளை," என்றார். "உயிர் போற நேரம் தொண்டை நனைஞ்சு போறது நல்லதுதானே."

அவர் படியிறங்கும் முன்பே நான் சுவரைப் பிடித்துப் பிடித்து வேலியடிக்குப் போனேன். நான்கு மாதத்துக்குப் பிறகு நான் நடந்த முதல் நடை அது. அவர் சொன்னதை அப்படியே ராத்தாவிடம் சொன்னேன். முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்து அந்த மனுஷி அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன்.

மூன்று வாரத்தில் நாக்குச் சிவப்பு குறைந்தது. பங்குனி முடிய வாய்ப்புண் ஆறியது. அந்த வருடம் வைகாசியில் சபைக்கு நடந்து வந்தேன். நீங்கள் பார்த்தீர்கள்.

முழுச் சுகமா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒவ்வொரு ஆனி, ஆடி மழைக்கும் வயிறு திரும்பக் கெடுகிறது. மிளகாயைத் தொட முடியாது. இழுப்பு போகவில்லை. காய்ச்சல் விட்டுப்போன கட்டி இடது விலாவின் கீழ் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. நான் மூன்று நோயோடு வாழ்கிற ஒருத்தி. ஆனால் வாழ்கிறேன். குரலும் முழுதாக நின்றுவிடவில்லை. மழைக்கால மத்தியானங்களில் எப்போதாவது கேட்கும். இப்போது எழுந்து போய்ப் பார்க்கிறேன். அறை காலியாக இருக்கும். அங்கே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

புதன்கிழமைகளில் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறேன். பன்வில தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் போவதுண்டு. பிரசங்கம் செய்வதில்லை. துணி அலசுவேன், வாயை நனைப்பேன், கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பேன். முஸ்லிம் பெண் மூலமாகவா கர்த்தர் பேசுவார் என்று உங்களில் சிலர் முணுமுணுக்கலாம். சபைப் பெண்ணாகிய நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தபோது அவர் வேறு யாரை அனுப்புவார்?

கடைசியாக ஒன்று. ராத்தாவிடமும் கணவரிடமும் சொன்ன நான் எஸ்தரிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. போன மாதம் சொல்லிவிட்டேன். மன்னிக்க உரிமையுள்ளவள் அவள்தான். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மறுபடி வயிறு கெட்டுப் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் ஈரல் சாற்றைச் சூடாக்கி அவளே கொண்டுவந்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல சித்தி," என்றாள். "ஆனா குடிச்சிருங்க."

நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். இதற்காகவும் கர்த்தரைத் துதிக்கிறேன். அவளுக்காக ஜெபியுங்கள், எனக்காகவும்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது சொல்லாத ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு சுகத்துக்காக மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தால், என்னைப் போல நான்கு வருடம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே வாயைத் திறந்து அவரிடம் சொல்லுங்கள். சுகம் வருமா என்று எனக்குத் தெரியாது. ஆள் வரும்.